வேலி போன காட்டில் வாசல் காத்த ஓணான்

பெருங்காட்டில் வடிவு என்று ஒரு கரடி இருந்தாள். பெயர்தான் வடிவு. முகம் முழுக்க முடி. முடிக்குள் எங்கேயோ இரண்டு கண்கள். ஆனால் அவளுடைய பலாமரத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவள் முகத்தைப் பற்றிப் பேசியதில்லை. வேரிலிருந்து உச்சிவரை காய்க்கும் மரம் அது. ஒரு சுளை தின்றால் அன்று முழுவதும் விரலை நக்கிக்கொண்டே இருக்கலாம்.

பலா இருந்தது. உப்பு இல்லை. அதுதான் அவள் கவலை.

அவளுடைய குட்டி சொள்ளமுத்துவுக்கு உப்பில்லாமல் கால் துவண்டுபோயிற்று. நடக்கப் பழகும் வயதில் அவன் எழுந்து நிற்பதற்குள் பொத்தென்று உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்த இடத்தில் கைக்கு எட்டியதை எல்லாம் நக்குவான். பாறையை நக்குவான். ஓடிக் களைத்து வந்த குதிரையின் முதுகை நக்குவான். நலம் விசாரிக்க வந்த எருமையின் நெற்றியை அவன் நக்கிய நாளிலிருந்து விருந்தாளிகள் வருவதும் நின்றுபோயிற்று.

“என் பிள்ளை ஊரை நக்கிப் பிழைக்கானே!” என்று வடிவு அழுதாள்.

வைத்தியம் தெரிந்த கீரி வந்து பார்த்தது. “மழைக்கு முன்னாடி இவனுக்கு உப்பு கெடைக்கணும். மழை வந்தா ஆத்துல வெள்ளம், கடற்கரைக்கு வழி இருக்காது. அடுத்த கோடை வரைக்கும் பிள்ளை தாங்க மாட்டான், தாயி” என்று சொல்லிவிட்டு, குட்டி தன் வாலை நக்குவதற்குள் ஓடிப்போயிற்று.

காட்டுக்குக் கிழக்கே, நடந்தால் ஒரு பகல் தூரத்தில், கடற்கரை. அங்கே உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அதைக் காத்துவந்த பூநாரைகளுக்கோ உப்பைத் தவிர வேறு கதியில்லை. காலையில் உப்பு, மாலையில் உப்பு, கல்யாண விருந்திலும் உப்பு. இங்கே பலா அழுகுகிறது. அங்கே உப்பு கரைகிறது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாங்கி வர வேண்டியதுதானே?

அதுதான் முடியாது. நடுவில் வேலி இருந்தது.

அந்த வேலியை யாரும் வேலையற்றுப்போய்ப் போடவில்லை. முன்னொரு காலத்தில் கடல் தாண்டி நரிகள் வந்தன. “ஒரு பிடி மிளகு கொடுங்க, போயிடுறோம்” என்றன. மிளகு வாங்க வந்தவை மிளகுக்கொடியின் அடியில் படுத்தன. படுத்த இடத்தைத் தங்கள் இடம் என்றன. கடைசியில் யானையைப் பார்த்தே, “குளிக்கப் போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்று சட்டம் பேசின. அவற்றை விரட்டுவதற்குள் சில தலைமுறைகள் போய்விட்டன. விரட்டிய கையோடு, இனி ஒருத்தன் உள்ளே வரக்கூடாது என்று காட்டைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். நியாயம்தான். பட்டவர்களுக்குத்தான் வலி தெரியும்.

ஆனால் வேலி என்று ஒன்று இருந்தால் ஓணான் வந்து உட்காராமல் இருக்குமா? ‘வேலிக்கு ஓணான் சாட்சி’ என்பார்கள். இந்தக் காட்டில் சாட்சி மெல்ல மெல்ல அதிகாரியாகிவிட்டது.

வேலிக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசல் தூணின் மேல் செங்கழுத்தார் என்ற ஓணான் உட்கார்ந்திருப்பார். அவர் மூன்று முறை தலையாட்டினால் போகலாம். இரண்டு முறை ஆட்டினால் நாளைக்கு வரவேண்டும். ஒரே ஒரு முறை ஆட்டினால், ஏன் வந்தோம் என்று வீட்டுக்குப் போய் யோசிக்க வேண்டும்.

நாள் போகப் போக, காட்டில் எதற்கெடுத்தாலும் மூன்று தலையாட்டு என்று ஆகிவிட்டது. கூடு கட்ட ஓர் ஓணான். வளை தோண்ட ஓர் ஓணான். தவளை கத்துவதற்குக்கூட, ஒரு மழைக்கு இவ்வளவுதான் என்று அளந்துவிட ஓர் ஓணான். மழையில் ஆடுவதற்கு மயில் அனுமதி கேட்டிருந்தது. அனுமதி நடுக்கோடையில் வந்தது. “ஆர்டர் வந்திருச்சு, ஆடித்தானே ஆகணும்!” என்று கொளுத்தும் வெயிலில் ஆடி, மயங்கி விழுந்தது மயில்.

பெருச்சாளி ஒருவன் கதை இதைவிட மோசம். அவன் வளைக்குள் போவதற்கு அனுமதி வாங்கினான், போனான். வெளியே வருவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று உள்ளே போன பிறகுதான் சொன்னார்கள். அன்றிலிருந்து அவன் வெளியே வரவேயில்லை. உறவினர்கள் நல்லது கெட்டதை வளை வாயில் நின்று கத்திவிட்டுப் போவார்கள்.

ஒவ்வொரு தலையாட்டுக்கும் ஓணானுக்கு ஒரு பூச்சி கொடுப்பது வழக்கம். அதை லஞ்சம் என்று யாரும் சொன்னதில்லை. “அண்ணாச்சிக்குக் கழுத்து வலிக்கும்லா?” என்றுதான் சொல்வார்கள்.

போன வருஷம் வடிவு ஒரு கூடைப் பலாவோடு வாசலுக்குப் போனாள். செங்கழுத்தார் இரண்டு முறை ஆட்டினார். மறுநாளும் இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு. பழம் கூடையிலேயே அழுகி வழிந்தது. கூட்டமாய் மொய்த்த ஈயைத் தின்று தின்று செங்கழுத்தாருக்குத்தான் தொந்தி போட்டது.

“அண்ணாச்சி, பழம் போயிருச்சே!” என்று வடிவு கதறினாள்.

“அழுகின பழத்தை வெளியில கொண்டுபோக வேற அனுமதி வாங்கணும், தாயி!” என்றார் அவர்.

இப்படியே இன்னும் எத்தனை காலம் போயிருக்குமோ! ஆனால் காட்டின் ராஜா மாமலையார் என்ற யானைக்கும் ஒரு நாக்கு இருந்தது. அவருக்கென்று ஆற்றோரம் ஓர் உவர்மண் திட்டு. தினமும் அதில் கொஞ்சம் உப்புமண் எடுத்து நக்குவார். ஒரு நாள் துதிக்கையை விட்டால் வெறும் மண். உப்பு தீர்ந்துவிட்டது.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அதுவரை காட்டில் உப்பில்லை என்பதே ராஜாவுக்குத் தெரியாது. இப்போது, “காட்டுக்கே ஆபத்து!” என்று பிளிறினார்.

அவசரத்துக்கு என்ன செய்வது? மயிலின் தோகையை யாருக்கும் தெரியாமல் கடற்கரைக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். ராஜாவின் நாக்குக்கு மட்டும் ஒரு பொட்டலம் உப்பு வந்தது. மொட்டையாக நின்ற மயிலைப் பார்த்து, “நீங்க எங்க அம்மா வழியில சொந்தமா?” என்று காட்டுக்கோழி அன்போடு விசாரித்தது. மயில் அன்றிலிருந்து புதரை விட்டு வெளியே வருவதில்லை.

பொட்டலமும் தீர்ந்தது. ராஜா சபையைக் கூட்டினார். வருஷாவருஷம் வலசை போய் ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டு வரும் உள்ளான் குருவி எழுந்து பேசியது.

“ராஜா, வேலியைப் பிடுங்குங்க! உலகம் எங்கேயோ போயிக்கிட்டு இருக்கு!”

“எங்க போவுது?” என்று எருமை கேட்டது.

“அது தெரியாது. ஆனா ரொம்ப வேகமாப் போகுது!”

“அப்ப நாமளும் போகணும்!” என்றது எருமை. சபை முழுவதும் ஆமாம் போட்டது.

ராஜா உத்தரவு போட்டார். யானைகள் வேலியைப் பிடுங்கின. ஆடுகள் முள்ளை முள்ளென்று பாராமல் மேய்ந்தன. கொஞ்ச நாளில் காட்டைச் சுற்றி வேலி இருந்த தடமே இல்லை. புல் முளைத்துவிட்டது.

அப்போது ஓணான்கள் எல்லாம் கூட்டமாக வந்து ராஜாவின் காலடியில் விழுந்தன. செங்கழுத்தார் முன்னால் நின்றார்.

“ராஜா, வேலியை எடுத்தீங்க, வாய் திறக்கல. வாசலையும் எடுத்துட்டா நாங்க எங்க போய் உக்காருவோம்? அது உங்க தாத்தா தும்பிக்கையாலயே நட்ட வாசல்! அவர் தடம் இன்னும் தூணுல இருக்கு!”

தாத்தா என்றதும் ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “வேலி போகட்டும். வாசல் நிக்கட்டும்!” என்றார்.

ஆகவே, வாசல் நின்றது. பரந்த புல்வெளி. இடதுபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை ஒன்றுமில்லை. வலதுபக்கமும் ஒன்றுமில்லை. நடுவில் இரண்டு தூண், மேலே ஒரு கட்டை. கட்டையின் மேல் செங்கழுத்தார்.

மறுநாள் காலையில் பெருங்காட்டின் மிருகங்கள் எல்லாம் மூட்டை முடிச்சோடு வந்தன. வந்து, அந்த வாசலுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன!

சிரிக்க வேண்டாம். வரிசையில் வடிவும் நின்றாள். தலையில் கூடை, கூடை நிறையப் பலா. பக்கவாட்டில் நாலடி நகர்ந்தால் கடற்கரைக்கு நேர்வழி. ஆனால் அவள் அம்மா வாசல் வழியாகத்தான் போகக் கேட்டாள், பாட்டியும் வாசலில்தான் நின்றாள். வாசல் என்று ஒன்று இருக்கும்போது அதன் பக்கத்தில் நடந்துபோவதா? அப்படி ஒரு யோசனையே அவள் தலைக்குள் வரவில்லை. எதிரில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், இல்லாமல் போனது அவ்வளவு சீக்கிரம் தெரியாது.

அவள் முறை வந்தது.

“அண்ணாச்சி, வேலியத்தான் எடுத்தாச்சே! நான் போகட்டா?”

“வேலியை எடுத்தாச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“கண்ணுக்குத் தெரியுதே, அண்ணாச்சி!”

“கண்ணுக்குத் தெரிஞ்சா ஆச்சா? வேலி இல்லைன்னு தலையாட்டுறதுக்குன்னு புதுசா ஒரு ஓணானைப் போட்டிருக்கு. மொதல்ல அவன் மூணு ஆட்டணும். பிறகு நான் மூணு ஆட்டணும்.”

“அவரு எங்க?”

செங்கழுத்தார் தொண்டையைச் செருமினார். “அவன் வேலி மேலதான் உக்காந்திருந்தான். வேலி போன பிறகு எங்க உக்காந்திருக்கான்னு தேடிக்கிட்டு இருக்கோம்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டாமா? வடிவு கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மேற்கே மேகம் கறுக்கத் தொடங்கியது. கூடையில் பழம் வெடித்து வாசனை ஊரைக் கூட்டியது. ஈக்கள் வந்தன. செங்கழுத்தார் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாட்டை முடித்தார்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை நடந்தது. அயல்மலை மிருகங்களுக்கு இந்த வாசலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவை பாட்டுக்குப் புல்வெளியின் எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்ளே வந்தன. உள்ளே இருப்பவர்கள் வெளியே போக வரிசையில் நிற்க, வெளியே இருப்பவர்கள் கையை வீசிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அயல்மலை முயல் ஒன்று நத்தை ஓட்டில் பனித்துளியை அடைத்துக்கொண்டு வந்தது. “அயல்மலைப் பனி! அயல்மலைப் பனி!” என்று வரிசை ஓரமாகக் கூவியது. தினமும் காலையில் பனியிலேயே படுத்து எழும் எருமை, ஒரு கட்டுப் புல்லைக் கொடுத்து ஒரு நத்தை ஓடு வாங்கிக் குடித்தது.

“எப்படி இருக்கு?” என்று பின்னால் நின்ற மான் கேட்டது.

“நம்ம பனி மாதிரி இல்ல. இதுல ஒரு தனி ஈரம் இருக்கு!” என்றது எருமை. உடனே வரிசை மொத்தமும் முயலைச் சுற்றிக்கொண்டது.

அடுத்த நாள் நெட்டைவாலன் என்ற அயல்மலைக் குரங்கு வந்தான். அவன் கையில் வறுத்த கொட்டை. “வெளிக்காட்டுக் கொட்டை! சூடான வெளிக்காட்டுக் கொட்டை! ஒருக்காத் தின்னா ஒம்பது நாளைக்குப் பேசுவீங்க!”

வடிவுக்குப் பசி. கூடையிலிருந்து ஒரு பழத்தைக் கொடுத்து ஒரு கை கொட்டை வாங்கினாள். வாயில் போட்டாள். மெல்லவில்லை. துப்பிக் கையில் வைத்துப் பார்த்தாள். கொட்டையின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு வரி. அந்த வரி காட்டில் ஒரே ஒரு மரத்துக் கொட்டைக்குத்தான் உண்டு.

அவள் குரங்கின் வாலைப் பிடித்தாள்.

“இது எங்கேயிருந்து வந்துச்சு?”

“அயல்மலைச் சரக்கு, அக்கா! ஒசத்திச் சரக்கு!”

“உள்ளதைச் சொல்லுதியா, வாலை முடிச்சுப் போடட்டா?”

“சொல்லிடுறேன், சொல்லிடுறேன்! உங்க காட்டுக்குள்ள ஒரு மரம், அக்கா. வேர்ல இருந்து உச்சி வரைக்கும் பழம். காவலுக்கு ஆளே இல்ல. பறிச்சு, எங்க மலைக்குக் கொண்டுபோய், கொட்டையை மட்டும் வறுத்துக் கொண்டாந்தேன்.”

“ஆளே இல்லையா?”

“ஒரு கரடிக்குட்டி மட்டும் அடியில கெடந்துச்சு. நான் எறங்கி வந்தப்ப என் காலைப் பிடிச்சு நக்க ஆரம்பிச்சுது. எனக்கு ஒரே கூச்சம். ஒதறிட்டுப் போகலாம்னு பார்த்தேன், மனசு கேக்கல. எழுந்திரிக்கக்கூட முடியல அதுக்கு.”

வடிவு வாலை விட்டுவிட்டாள். இங்கே அவள் தன் பழத்தைக் கொடுத்துத் தன் கொட்டையையே வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அங்கே அவள் பிள்ளை, திருட வந்தவன் காலில் உப்புத் தேடுகிறான்.

“இவ்வளவு பழத்தையும் எந்த வாசல் வழியாக் கொண்டுபோனே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“வாசலா?” குரங்கு சுற்றும் முற்றும் பார்த்தான். “அதையா சொல்றீங்க? முதுகு சொறியறதுக்கு நட்டு வச்ச கட்டைன்னுல்ல நெனச்சேன்! நேத்துகூடச் சொறிஞ்சுட்டுத்தான் போனேன்.”

வடிவு வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு இடதுபக்கம் பார்த்தாள். வலதுபக்கம் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தப் புல்வெளி அவள் கண்ணில் பட்டது.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். வரிசையை விட்டு விலகினாள்.

“வடிவு! எங்க போற? முள்ளு குத்தும்!” என்று எருமை அலறியது.

“எங்க இருக்கு முள்ளு?”

“முன்னாடி இருந்துச்சே!”

அவளும் அதை மறக்கவில்லை. வேலி இருந்த இடம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் அவள் அம்மாவின் பாதத்தில் முள் ஏறிச் சீழ் பிடித்தது. இந்த இடத்தை நெருங்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். வெறும் புல்தான். ஆனாலும் கால் எழவில்லை. ‘வடிவு, உன் பிள்ளை குரங்கு காலை நக்கியிருக்கான்!’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அந்தப் பக்கம் வைத்தாள்.

ஈரப் புல். அவ்வளவுதான்.

மறு காலையும் வைத்தாள். அதுவும் புல்தான். வடிவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“ஏய்! நில்லு! சட்டவிரோதம்!” என்று செங்கழுத்தார் கத்தினார். அவருக்கு வந்த கோபத்தில் கழுத்து செக்கச் செவேலென்று ஆயிற்று. ஓணானுக்குக் கோபம் வந்தால் தலை தன்னால் ஆடும், அது பிறவிக் குணம். ஒரு முறை ஆடியது. இரண்டாம் முறை ஆடியது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. மூன்றாம் முறையும் ஆடிவிட்டது.

“மூணு! அண்ணாச்சி மூணு ஆட்டிட்டார்!” என்று மான் துள்ளியது.

“மூணு! மூணு!” என்று வரிசை முழுவதும் ஆரவாரம். அத்தனை மிருகங்களும் முண்டியடித்துக்கொண்டு பாய்ந்தன. எதன் வழியாக? புல்வெளி வழியாகவா? இல்லை, வாசல் வழியாகத்தான்! எருமை ஒரு தூணில் மோத, பன்றி மறு தூணில் மோத, ராஜாவின் தாத்தா நட்ட வாசல் செங்கழுத்தாரோடு சேர்ந்து கீழே விழுந்தது. பின்னால் வந்தவர்கள் விழுந்து கிடந்த இரண்டு தூணுக்கும் நடுவில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்துப் போனார்கள்.

வடிவு திரும்பிப் பார்க்கவில்லை. “தின்ன பழத்துக்குச் சுமை தூக்கு!” என்று நெட்டைவாலன் தலையில் இரண்டு பழத்தை ஏற்றிவிட்டாள். மேகம் மேற்கே உறுமியது. அவர்கள் கிழக்கே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

கடற்கரையில் மூத்த பூநாரை ஒரு சுளையை வாயில் வைத்தது. வைத்த கணத்தில் ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றுவிட்டது. பூநாரை எப்போதுமே அப்படித்தான் நிற்கும் என்பது வடிவுக்குத் தெரியாது. எல்லாம் தன் பலாவின் மகிமை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டாள். பழம் நொடியில் காலியாயிற்று. கூடை உப்பால் நிரம்பியது.

அப்போது மணல்மேட்டின் பின்னாலிருந்து ஒரு கடல் நரி வந்தது. தேனொழுகப் பேசியது.

“தாயே, இவ்வளவு தூரம் எதுக்குக் கால் நோக நடக்கணும்? உங்க மரத்தடியில எனக்கு ஒரு ஓரமா இடம் கொடுத்தாப் போதும். நானே பறிச்சு, நானே இங்க கொண்டாந்துடுறேன்!”

வடிவு கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

“பலா வேணும்னா இந்த மணல்லயே நின்னு வாங்கிக்கோ. உப்பைக் கொடு, எடுத்துக்கிட்டுப் போ. மரத்தடியில என் பிள்ளை மட்டுந்தான் உக்காருவான்!”

நரி அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு மணல்மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

முதல் தூறல் விழும்போது வடிவு வீடு வந்து சேர்ந்தாள். ஓர் உப்புக்கல்லைச் சொள்ளமுத்துவின் வாயில் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்தான். கண்ணை மூடினான். திறந்தான். இன்னும் கொடு என்று கையை நீட்டினான். மழை நின்று வெயில் வந்தபோது அவன் எழுந்து நின்றான், இரண்டடி வைத்தான், விழவில்லை. மூன்றாவது அடி வைத்து வந்து நெட்டைவாலனின் காலைப் பிடித்தான். பழக்கதோஷத்தில் ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு, “இதைவிட உப்பு நல்லாருக்கு” என்று சொன்னான். வடிவு அவனை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சந்தோஷத்துக்கும் அவளுக்கு அந்த ஓர் அழுகைதான் தெரியும்.

ஆறு வடிந்த பிறகு, செங்கழுத்தார் அவள் மரத்தடிக்கு வந்தார். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். கழுத்துச் சிவப்பெல்லாம் வெளுத்துவிட்டது.

“இப்ப யாரும் பூச்சி தாரதில்ல, வடிவு. எனக்குத் தலையாட்டுறதைத் தவிர ஒண்ணும் தெரியாதே! எங்க போவேன்?”

“சேர்க்காதே! வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாப் போயிரும்!” என்று எருமை எச்சரித்தது.

போன வருஷத்துப் பழத்தை நினைத்தால் வடிவுக்கு இன்னமும் வயிறு எரிந்தது. ஆனால் பசித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலேயே பார்த்திருக்கிறாள். கூடையைப் பார்த்தாள். பழத்தைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

“கூடை மேல ஏறி உக்காருங்க, அண்ணாச்சி. ஈ வந்தாத் தின்னுங்க. தலையை எத்தனை தரம் வேணும்னாலும் ஆட்டிக்கிடுங்க. இனி யாரும் எண்ண மாட்டோம். ஆனா மொதல்ல ஒரு வேலை இருக்கு.”

அவரைப் பெருச்சாளியின் வளைக்குக் கூட்டிப்போனாள். செங்கழுத்தார் வளை வாயில் நின்று, ஒரு பூச்சியும் வாங்காமல் மூன்று முறை தலையாட்டினார். உள்ளேயிருந்து பெருச்சாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

“இப்ப ராஜா யாரு? யானையா, நரியா?” என்று கேட்டான்.

அன்றே வடிவு மறுபடியும் கடற்கரைக்குக் கிளம்பினாள். தலையில் கூடை, கூடையின் மேல் செங்கழுத்தார். பின்னால் சுமையோடு நெட்டைவாலன். வழியில் எருமையும் மானும் தங்கள் சரக்கோடு சேர்ந்துகொண்டன. புல்வெளியில் வேலி இருந்த இடம் வந்தது. எருமை காலை உயரத் தூக்கி வைத்தது. மானும் தூக்கி வைத்தது. “நில்லு!” என்று கூடைமேலிருந்து பழக்கத்தில் கத்திவிட்டு, செங்கழுத்தார் நாக்கைக் கடித்துக்கொண்டார். வடிவும் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினாள்.

அப்போது சொள்ளமுத்து அவர்களை எல்லாம் முந்திக்கொண்டு குடுகுடுவென்று ஓடினான். வேலி போன பிறகு நடக்கப் பழகியவன் அவன். அந்த இடத்தை நேராக ஓடிக் கடந்தான். நின்றான். திரும்பிப் பார்த்தான்.

“அம்மா, இங்க வந்ததும் ஏன் எல்லாரும் காலைத் தூக்குறீங்க?”

வடிவு தூக்கிய தன் காலைப் பார்த்தாள். பிறகு, இந்தத் தடவை கண்ணை மூடாமல், காலைச் சாதாரணமாகக் கீழே வைத்து நடந்தாள்.

நிலத்தில் நட்ட வேலியை ராஜா ஒரே உத்தரவில் பிடுங்கிவிடலாம், ஆனால் மனத்தில் நட்ட வேலியை அவரவர்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தம் காலால் கடக்க வேண்டும்.